இடது பக்கக் கதவு

"லாக்" என்றேன். டிரைவர் சீட்டில் மகள் பட்டனை அமுக்க, டக், டக், டக். மூன்றுதான். "அன்லாக்" என்றேன். மறுபடியும் மூன்று. நாலாவது சத்தம் வரவேண்டியது என் தலைக்குப் பக்கத்தில் திறந்து நிற்கிற இந்த இடது பக்க முன்கதவிலிருந்து. அது மட்டும் கல்லுப் பிள்ளையாராட்டம் கம்மென்று இருக்கிறது. முன்சீட்டைப் பின்னால் தள்ளிச் சாய்த்து, அதில் தலைகீழாக மல்லாந்து படுத்து, காலைப் பின்சீட்டின் மேல் போட்டு, தலையை டேஷ்போர்டுக்கு அடியில் தொங்கவிட்டிருக்கிறேன். வண்டிக்குப் பாட்டு செட்டு மாட்டுகிறவன் பாதி ஆயுசை இப்படித்தான் கழிக்கிறான். முப்பது வயதில் இது ஒன்றும் தெரியவில்லை. ஐம்பத்துமூன்றில் தொப்பை மார்பில் ஏறி உட்கார்ந்து மூச்சை அமுக்குகிறது, ரத்தமெல்லாம் மண்டைக்கு இறங்கிக் காதுக்குள் திமுதிமுவென்று அடிக்கிறது, தாடையில் பூத்த வேர்வை மேலே ஓடிக் கண்ணுக்குள் விழுகிறது. எழுந்திரு என்றால் உடனே எழுந்திருக்கவும் முடியாது, சீட்டைப் பிடித்துப் புரண்டு புரண்டுதான் வெளியே வரவேண்டும். மணி பதினொன்று. பெருந்துறை வெயில் கடைத் தகரத்தில் இறங்கிக்கொண்டிருக்கிறது. வெளியே மாப்பிள்ளை நிற்கிறார். அவர் செருப்புச் சத்தம் கடை வாசலுக்கும் வண்டிக்கும் நடுவே போய்வந்துகொண்டிருக்கிறது. வந்து இறங்கினதும் சிரித்துக்கொண்டேதான் சொன்னார், "கோவிச்சுக்காதீங்க மாமா, நீங்க செட்டு மாட்டுனதுக்கு அப்புறந்தானுங்க இந்தக் கதவு லாக் ஆவறதில்ல." சிரிப்போடு சொன்னதுதான் சுருக்கென்றது. திட்டியிருந்தால்கூடத் தேவலை.

இருபத்தாறு வருஷம். இந்தத் தாலூக்காவில் ஓடுகிற வண்டிகளில் பாதிக்கு சென்னியப்பன் கை பட்டிருக்கிறது. செட்டு மாட்டின பிறகு வண்டிக்கு என்ன வந்தாலும் பழி எங்கள் தலையில்தான். லைட் எரியவில்லையா, செட்டு மாட்டினவன். டயர் பஞ்சரா, அதுவும் செட்டு மாட்டினவனாகத்தான் இருக்கும். பழி ஓரிடம் பாவம் ஓரிடம் என்று சொல்லிச் சொல்லியே காலம் ஓட்டினவன் நான். ஆனால் சொந்த மருமகனாகப் போகிறவன் வண்டியில் சொல்ல முடியுமா? காலையிலிருந்து ஒவ்வொன்றாகப் பார்த்தாயிற்று. ஃபியூஸ் நன்றாக இருக்கிறது. ரிலே நன்றாக இருக்கிறது. கதவை உள்பக்கம் மூடியிருக்கிற பேடைக் கழற்றி லாக் மோட்டாருக்கு நேராக பேட்டரியிலிருந்து கரண்ட் கொடுத்தேன், படக்கென்று பூட்டுக் குமிழ் உள்ளே போய் வெளியே வந்தது. அப்படியானால் மோட்டாரும் நன்றாக இருக்கிறது. மிச்சம் இருப்பது வயர் மட்டும். கதவுக்கும் வண்டிப் பாடிக்கும் நடுவே ஒரு ரப்பர்க் குழாய் இருக்கிறது, கதவுக்குப் போகிற எல்லா வயரும் அதற்குள்தான் போகும். நான் ஸ்பீக்கர் வயரைக் கொண்டுபோனதும் அதே குழாயில்தான். இழுக்கும்போது ஏதாவது ஒரு வயர் அறுந்திருக்கலாம். நான் இழுத்தால் அறாது. ஆனால் அறுந்திருக்கலாம். இந்த இரண்டுக்கும் நடுவில்தான் காலையிலிருந்து மாட்டிக்கொண்டு கிடக்கிறேன். "என்னுங் மாமா, ஆச்சுங்களா? அம்மா ரெண்டு தடவ கூப்புட்டாங்க" என்கிறார் வெளியிலிருந்து. "பத்தே நிமிசமுங்க மாப்ள" என்கிறேன், தலைகீழாக இருந்தே சிரித்து.

ஈரோட்டில் சேலைக் கடையில் எல்லாரும் காத்திருக்கிறார்கள். முகூர்த்தச் சேலை எடுக்கிற நாள் இன்று. சம்பந்தியம்மாளும் மாப்பிள்ளையின் தங்கச்சியும் திருச்செங்கோட்டிலிருந்து நேராகப் போய்விட்டார்கள். என் பெண்டாட்டி கலாமணி காலை எட்டு மணி பஸ்ஸுக்கே கிளம்பிவிட்டாள், எங்கே தான் இல்லாமல் அரக்குக் கலரை எடுத்துவிடுவார்களோ என்று அவளுக்குப் பயம். மகள் வாணியை மாப்பிள்ளை காரில் கூட்டிக்கொண்டு வந்துவிடுகிறேன் என்றார். கூட்டிப்போக வந்தவர்தான் அப்படியே இந்தக் கதவையும் பார்த்துவிடுங்கள் என்றார். கதவு சரியானதும் வாணி இந்த சீட்டில், இப்போது நான் தலைகீழாகக் கிடக்கிற இதே சீட்டில் உட்காருவாள், இருவரும் கிளம்புவார்கள். கல்யாணத்துக்குப் பத்தொன்பது நாள் இருக்கிறது. பத்திரிகை பாதி ஊருக்குக் கொடுத்தாயிற்று. என் மகள் கோகிலவாணி இப்போது டிரைவர் சீட்டில் உட்கார்ந்து நான் சொல்லச் சொல்ல லாக் பட்டனை அமுக்கிக்கொண்டிருக்கிறாள். கியர்ப் பெட்டிக்கு முன்னால் இருக்கிற சந்து வழியாக அவளுடைய பாதம் மட்டும் எனக்குத் தெரிகிறது. புதுச் செருப்பு. கட்டை விரல் செருப்பின் வாரை விட்டுவிட்டுப் பிடிக்கிறது, விட்டுவிட்டுப் பிடிக்கிறது. சின்ன வயதில் பரீட்சைக்குப் போகும்போது இப்படிச் செய்வாள். பசியாக இருக்கும். காலையில் இரண்டு இட்லியில் ஒன்றை வைத்துவிட்டு எழுந்துவிட்டாள்.

மாப்பிள்ளை பூபதிக்கு என்ன குறை? ஒரு குறையும் இல்லை. இரண்டு போர்வெல் ரிக் வண்டி சொந்தமாக ஓடுகிறது. குடி கிடையாது, சிகரெட் கிடையாது, வீட்டுக்கு வந்தால் செருப்பை ஒழுங்காக விட்டுவிட்டுத்தான் உள்ளே வருவார். என்னை வாய் நிறைய மாமா என்பார். என் தங்கச்சி புருஷன் குடித்துவிட்டுத் தெருவில் கிடந்ததைப் பார்த்தவன் நான், எனக்கு அது ஒன்றே போதுமாயிருந்தது. ஊரில் நாலு பேரிடம் விசாரித்தேன், நாலு பேரும் தங்கமான பையன் என்றார்கள். தங்கத்தை யார் உரசிப் பார்த்தார்கள் என்று நான் கேட்கவில்லை. கேட்டால் சம்பந்தம் நழுவிவிடுமோ என்று பயம். வாணிக்கு இருபத்தாறு முடியப்போகிறது. படித்தது எலக்ட்ரிக்கல் டிப்ளமா, யு.பி.எஸ் கம்பெனியில் வேலை, கல்யாணத்துக்கு அப்புறம் வேண்டாம் என்று அவர்கள் சொல்லிவிட்டார்கள், சரி என்று நானும் தலையாட்டிவிட்டேன். அவளிடம் கேட்டேனா? கேட்ட மாதிரித்தான் ஞாபகம். "என்ன கண்ணு, சரிதான?" என்றேன். அது கேள்வியா என்ன? சரிதான் என்று முடித்துவிட்டு ஒரு இழுப்பு இழுத்தேன், அவ்வளவுதான்.

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை இந்த செட்டை மாட்டினேன். அன்றைக்கு நான் சந்தோஷமாக இருந்தேன், இதைச் சொல்லத்தான் வேண்டும், கூடமாட வாணியும் இருந்தாள். "நானும் வர்றேனுங்ப்பா" என்று தானாகச் சொல்லிவந்தாள். நிச்சயம் ஆனதிலிருந்து பேச்சுக் குறைந்து போயிருந்த பிள்ளை, மாப்பிள்ளை வண்டிக்கு வேலை என்றதும் வருகிறாளே, மனசு ஒட்டிவிட்டது என்று நினைத்துக்கொண்டேன். கலாமணியிடம் போனில்கூடச் சொன்னேன். அவள் கை சின்னக் கை, என் கை நுழையாத சந்திலெல்லாம் நுழையும். கதவு பேடை அவள்தான் கழற்றினாள். ரப்பர்க் குழாயில் வயரை நுழைத்தது அவள்தான். நடுவில் பிளாஸ்டிக் கிளிப் போதவில்லை என்று நான் மார்க்கெட் வரைக்கும் போய்வந்தேன், அரைமணி நேரம் இருக்கும், வந்து பார்த்தபோது பேடெல்லாம் மாட்டி முடித்துக் கையைத் துடைத்துக்கொண்டிருந்தாள். "அதுக்குள்ள முடிச்சுட்டியா சாமி" என்றேன். சிரித்தாள். பல நாளைக்குப் பிறகு பார்த்த சிரிப்பு.

இப்போது என் வலது கையை, சீட்டில் உட்காருகிறவர் கால் வைக்கிற இடத்து ஓரத்தில் இருக்கிற பிளாஸ்டிக் மூடிக்குப் பின்னால் விட்டிருக்கிறேன். ரப்பர்க் குழாய் வண்டிக்குள் வந்து சேர்கிற இடம். பார்க்க முடியாது, தடவித்தான் பார்க்கவேண்டும். தகர விளிம்பு மணிக்கட்டில் அறுக்கிறது, உள்ளே போன கை வெளியே வருமா என்கிற சந்தேகம் ஒவ்வொரு தடவையும் வரும், ஒவ்வொரு தடவையும் வந்துவிடும், இருந்தாலும் பயம் போகாது. இது ஸ்பீக்கர் வயர், என்னுடையது. இது கண்ணாடி மோட்டார் வயர், தடிமன். இது ஒன்று மெல்லிசு. இது... இது என்ன? விரல் நின்றுவிட்டது. டேப். நான் இங்கே டேப் சுற்றவில்லையே. மெல்லிசு வயர் ஒன்று டேப்புக்குள் முடிகிறது. இரண்டு விரல் தள்ளி இன்னொரு நுனி, அதற்கும் தனியாக டேப். அறுந்த வயர் இல்லை. அறுந்தால் செப்புக் கம்பி பிய்ந்து துருத்திக்கொண்டிருக்கும். இதைக் கட்டிங் பிளேயரில் நறுக்கி, இரண்டு நுனியும் எங்கேயும் பட்டுவிடாமல் பதமாகச் சுற்றி வைத்திருக்கிறது. வேலை தெரிந்த கை. மாட்டினான் திருடன், நான் இல்லை, நான் இல்லை என்று மனசுக்குள் ஒரு துள்ளல், சத்தியமாக வாய் திறந்து கத்தப் போனேன், "மாப்ள, இங்க பாருங்க, எவனோ வெட்டி வெச்சிருக்கறான்" என்று. ஷோரூம்காரனாக இருக்கும், அலாரம் மாட்டினவனாக இருக்கும். பெருவிரலால் டேப்பின் நுனியைத் தேடினேன். அது நான் தேடின பக்கம் இல்லை.

நான் சுற்றினால் டேப் வலமாகப் போகும். எல்லாருக்கும் அப்படித்தான், வலது கைக்காரனுக்கு அப்படித்தான் வரும். இது இடமாகச் சுற்றியிருந்தது. நுனியைத் தொட்டேன், வாலைக் கொஞ்சம் உள்பக்கமாக மடித்து ஒட்டி விட்டிருந்தது, பிடித்து இழுக்க வசதியாக. பின்னாடி பிரிக்கிறவனுக்கு நகம் வலிக்கக் கூடாது என்று அப்படி மடிக்கிற ஆளை இந்த உலகத்தில் எனக்கு ஒருத்தியைத்தான் தெரியும். "பீச்சாங்கைய எடு, பீச்சாங்கைய எடு" என்று கலாமணி வாணியை அடித்து அடித்து சோத்துக்கும் காப்பி கொடுப்பதற்கும் வலது கையைப் பழக்கிவிட்டாள். பெண் பார்க்க வந்தவர்களுக்கு வலது கையால்தான் காப்பி கொடுத்தாள், ஒருத்தருக்கும் தெரியாது. ஆனால் டேப் சுற்றும்போது அவளுக்கு இடது கைதான் வரும். பாதத்தைப் பார்த்தேன். கட்டை விரல் அசையாமல் இருந்தது. என் கை எங்கே இருக்கிறது என்று அவளுக்குத் தெரியும். எத்தனை நிமிஷமாக நான் லாக் என்று சொல்லவில்லை என்றும் தெரியும்.

முதலில் வந்தது கோபம்தான், மறைக்க என்ன இருக்கிறது. என் பெயரைக் கெடுத்துவிட்டாளே. அதுவும் சம்பந்தி வீட்டில். என்னை வெயிலில் தலைகீழாகப் போட்டுவிட்டு மேலே உட்கார்ந்து பட்டன் அமுக்குகிறாளே. எதற்கு இது? கல்யாணத்தைக் கெடுக்கவா? வண்டியைப் படுக்கப் போட வேண்டுமென்றால் அவளுக்கு ஆயிரம் வழி தெரியும். பெட்ரோல் பம்ப் ரிலேயைப் பிடுங்கினால் வண்டி நின்ற இடத்தில் நிற்கும். நிச்சயம் முடிந்து இப்படி நடந்தால் சகுனம் சரியில்லை என்று அவர்களே பேச்செடுத்துவிடுவார்கள். அதையெல்லாம் செய்யவில்லை. பாட்டு பாடுகிறது, ஏசி ஓடுகிறது, கண்ணாடி ஏறி இறங்குகிறது. ஒரே ஒரு கதவு. அதுவும் இடது பக்க முன்கதவு. டிரைவர் அங்கிருந்து பட்டன் அமுக்கினால் அது பூட்டாது. உட்கார்ந்திருக்கிறவர் குமிழைத் தூக்கினால் தூக்கினதுதான், திரும்ப இறங்காது. இதனால் யாருக்கு என்ன லாபம்? இந்த சீட்டில் உட்காருகிறவருக்கு. உட்காருகிறவர் இறங்க நினைத்தால் இறங்கலாம். அவ்வளவுதான். அவ்வளவுதான் என்று இரண்டு தடவை சொன்னேன்.

கலாமணி சொன்னாள். சொல்லவில்லை என்று நான் யாரை ஏமாற்ற? செட்டு மாட்டுவதற்குப் பதினைந்து நாள் முன்னால், கொடிவேரி அணைக்கு வாணியும் மாப்பிள்ளையும் போய்வந்த அன்றைக்கு. நான் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். "உங்க மகளுக்கு எல்லாத்துக்கும் அழுகை. மாப்ள வெளையாட்டுக்குக் கதவ லாக் பண்ணிட்டாராம். போன் லாக்கு நம்பரச் சொன்னாத்தான் எறக்கி உடுவேன்னாராம். இவ குமிழத் தூக்கத் தூக்க அவரு பட்டன அமுக்கறாராம். ஒரு மணி நேரமாம். இதுக்குப் போயி பாத்ரூம்ல உக்காந்து அழுதுட்டு இருக்கறா." நான் என்ன சொன்னேன்? சிரித்தேன். "மாப்ளைக்குக் குசும்பு" என்றேன். ரசம் ஊற்றச் சொன்னேன். பாத்ரூமில் குழாய் திறந்தபடி ஓடிக்கொண்டே இருந்தது, தண்ணி வீணாகிறது என்று கத்தினேன். ஒரு மணி நேரம். அவள் தூக்க அவர் அமுக்க, அவள் தூக்க அவர் அமுக்க. டக், டக். காலையிலிருந்து நான் அவள் கையாலேயே அந்தச் சத்தத்தை எத்தனை தடவை போட வைத்தேன்? முப்பது இருக்குமா, நாற்பது இருக்குமா? அவளும் அமுக்கிக்கொண்டே இருந்தாளே, என் சாமி.

அதற்கு அடுத்த வாரம் அவளே வந்து சொன்னாள். கடைக்கு வந்து, அங்கே இருக்கிற ஸ்டூலில் உட்கார்ந்து. "அப்பா, எனக்கு அந்த வண்டில போறதுக்கே புடிக்கலீங்ப்பா." பத்து வார்த்தை கூட இல்லை. அதைச் சொல்வதற்கு அவள் பெருந்துறை பஸ் ஸ்டாண்டிலிருந்து வெயிலில் நடந்து வந்திருந்தாள். நான் யாருக்கோ ஊஃபர் டப்பாவுக்குக் கார்ப்பெட் ஒட்டிக்கொண்டிருந்தேன், தலை நிமிரவில்லை. "பாட்டு இல்லாம போரடிக்குதாக்கும்? ரெண்டே நாளு இரு கண்ணு, அப்பா சூப்பரா ஒரு செட்டு மாட்டித் தர்றேன்" என்றேன். மகள் வந்து கழுத்தை நெரிக்கிறது என்றால் அப்பன் பாட்டுப் பெட்டி மாட்டித் தருகிறேன் என்கிறான். இந்த செட்டு அப்படி வந்ததுதான். அவள் சொன்னதற்கு நான் கொடுத்த பதில் இது. நாலு ஸ்பீக்கர், சீட்டுக்கு அடியில் ஊஃபர், டிக்கியில் ஆம்ப். பற்றாததற்கு நாலு கதவுக்குள்ளும் டேம்பிங் ஷீட் ஒட்டினேன், சத்தம் வெளியே போகாமல் இருக்க. வண்டியை ஒப்படைக்கும்போது மாப்பிள்ளையை உள்ளே உட்கார வைத்துக் கண்ணாடியெல்லாம் ஏற்றி வால்யூமை வைத்துக் காட்டினேன். வெளியே நின்று பெருமையாகச் சொன்னேன், "உள்ள எத்தன சத்தம் போட்டாலும் வெளிய ஒரு பொட்டுக் கேக்காதுங்க மாப்ள." சொன்னது நான்தான். இந்த வாய்தான். வாணி பக்கத்தில் நின்றுகொண்டிருந்தாள். இப்போது எனக்கு மூச்சு முட்டியது. தொப்பையைத் தள்ளிக்கொண்டு மூச்சை உள்ளே இழுக்கிறேன், பாதிதான் போகிறது. கையை இழுத்தேன், மணிக்கட்டு தகரத்தில் மாட்டிக்கொண்டது. ஒரு நிமிஷம் என்னால் எந்தப் பக்கமும் அசைய முடியவில்லை. டேஷ்போர்டின் அடிப்பக்கம் முகத்துக்கு நாலு விரல் மேலே. ஒரு மணி நேரம் இப்படி இருந்தால் எப்படி இருக்கும் என்று நினைத்தேன். எனக்கு இரண்டு நிமிஷம் தாங்கவில்லை.

"மாமா, நான் வேணா ஈரோட்டுல ஷோரூம்ல காட்டிக்கறேனுங்க. வாணி ஏறட்டும், நேரமாச்சு." கிட்டத்தில் வந்துவிட்டார். செருப்பு கதவுக்குப் பக்கத்தில் தெரிகிறது. "வயரு கெடச்சிருச்சுங்க மாப்ள, இதா ஆச்சு" என்றது என் வாய். வாய்க்கு அது பழக்கம். அவர் போனில் யாருடனோ பேசிக்கொண்டே தள்ளிப் போனார். அப்போது வாணி குனிந்தாள். கியர்ப் பெட்டிக்கு மேல் அவள் முகம் தலைகீழாகத் தெரிந்தது. அழவில்லை. கெஞ்சவுமில்லை. கடையில் ஸ்குரூ டிரைவர் கேட்கிற குரலில் மெல்லக் கேட்டாள். "அத மட்டும் அப்படியே உட்ருங்ப்பா." பிறகு, "வேற ஒண்ணும் வேண்டாமுங்ப்பா. நான் போயிக்கறேன்" என்றாள். நிமிர்ந்துவிட்டாள். மறுபடியும் பாதம் மட்டும்.

நான் போயிக்கறேன். கல்யாணம் வேண்டாம் என்றுகூடக் கேட்கவில்லை. அதெல்லாம் கிடைக்காது என்று எப்போதோ முடிவு பண்ணிவிட்டாள். எங்கள் வீட்டில் கிடைக்கக்கூடியது எது என்று யோசித்துப் பார்த்து ஒரு வயரைத் தேர்ந்தெடுத்திருக்கிறாள். எனக்கு உடனே ஒரு யோசனை வந்தது, அதையும் சொல்லிவிடுகிறேன். கன்ட்ரோல் பாக்ஸ் போய்விட்டது, கோயமுத்தூரிலிருந்து வரவேண்டும், ஒரு மாதம் ஆகும் என்று சொல்லிவிடலாம். மாப்பிள்ளை நம்புவார். வயர் அப்படியே கிடக்கும். கல்யாணமும் நடக்கும், பத்திரிகை கொடுத்த மூஞ்சியும் பிழைக்கும், கலாமணிக்கும் தெரியவேண்டாம், பிள்ளை கேட்டதையும் செய்த மாதிரி ஆச்சு. எவ்வளவு அழகாகப் பொருந்துகிறது என்று மனசு குளிர்ந்துகூடப் போனது. ஷோரூமில் இரண்டே நாளில் கண்டுபிடித்துச் சேர்த்துவிடுவான் என்பது அப்புறந்தான் உறைத்தது. வண்டிக்கதவு சரி, வீட்டுக்கதவை யார் வெட்டிவைப்பது என்பது அதற்கும் அப்புறம். உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூட முடியாது என்று என் அம்மா சொல்வாள். ஊர் வாய்க்குப் பயந்து நான் பிள்ளை வாயை மூடியிருக்கிறேன். இதையெல்லாம் நான் நினைத்துக்கொண்டிருக்கும்போதே என் விரல் என்ன செய்துகொண்டிருந்தது தெரியுமா? மடித்துவிட்ட வாலைப் பிடித்து ஒரு நுனியின் டேப்பைப் பிரித்துவிட்டது. நகம் வலிக்கவே இல்லை. செப்புக் கம்பி விரலில் குத்தியது. அறுந்த வயரைப் பார்த்தால் சேர்க்காமல் விடாத கை. இருபத்தாறு வருஷத்துக் கை. இன்னொரு நுனியையும் தேடிப் பிடித்துவிட்டது. ஒரு முறுக்கு முறுக்கினால் போதும். பயமாக இருந்தது, என் கையை நினைத்தே எனக்குப் பயமாக இருந்தது. விரலை விரித்தேன். இரண்டு நுனியும் நழுவிப் போயின. தோல் உரிய உரியக் கையை வெளியே இழுத்தேன்.

புரண்டு எழுந்து வெளியே வந்து நின்றபோது கண் இருட்டிக்கொண்டு வந்தது. கதவைப் பிடித்துக்கொண்டேன். மணிக்கட்டில் ரத்தம். "ஆச்சுங்களா?" என்று சிரித்தார் மாப்பிள்ளை. நல்ல சிரிப்பு, பல் வரிசை நல்ல வரிசை. என்ன கோளாறு என்று கேட்டால் லூஸ் கனெக்‌ஷன் என்போம் நாங்கள், எல்லா வியாதிக்கும் எங்கள் கையில் இருக்கிற ஒரே பெயர் அது. நாக்கு நுனி வரைக்கும் வந்தது. "வாணி வரமாட்டாளுங்க மாப்ள" என்றேன். அவருக்குப் புரியவில்லை. "ஒடம்பு சரியில்லீங்களா?" "நல்லாத்தான் இருக்கறா. கல்யாணம் வேண்டாமுங்க." சொன்னது யாரோ மாதிரி இருந்தது. என்னமோ கதவைப் பற்றிச் சொல்கிற தொனியிலேயே சொல்லிவிட்டேன். அவர் சிரிப்பு அப்படியே இருந்தது, கண் மட்டும் என்னை விட்டு வண்டிக்குள் போனது. "வாணி" என்றார். "எடம் மாறி உக்காரு. போலாம்." குரல் ஏறவில்லை, இறங்கியது. "இப்ப வந்தீன்னா இது ஒண்ணுமே நடக்கலன்னு உட்டுறுவேன்." அந்தக் குரல் எனக்குப் புதுசு. வாணிக்குப் புதுசில்லை என்பது அவள் முகத்தில் தெரிந்தது. அவள் சாவியை எடுத்து, இறங்கி, வண்டியைச் சுற்றிக்கொண்டு என் பக்கம் வந்து நின்று, சாவியை அவர் முன்னால் நீட்டினாள். இடது கையால் நீட்டினாள். அவர் அதை வாங்குவதற்கு முன் ஒரு கணம் அந்தக் கையைப் பார்த்தார்.

போகும்போது என்னென்னவோ சொல்லிவிட்டுத்தான் போனார். பத்திரிகை அடிச்சு ஊர் பூரா குடுத்தாச்சு, உங்க மகள இனி எவன் கட்டறான்னு பாக்கறேன், அப்பனும் மகளும் சேர்ந்து நாடகமா. எல்லாம் நான் காலையிலிருந்து எனக்கே சொல்லிக்கொண்டதுதான். கதவு பேட் கழற்றியபடியே கடைக்குள் கிடந்தது, அவர் அதைக் கேட்கவும் இல்லை. வண்டி பவானி ரோட்டில் திரும்பினது. நான் ஜெயித்த மாதிரி ஒன்றும் எனக்கு இல்லை. பயந்தான் இருந்தது, நல்ல பயம். கலாமணி சேலைக் கடையில் சம்பந்தியம்மாள் பக்கத்தில் உட்கார்ந்து காப்பி குடித்துக்கொண்டிருப்பாள். பத்து நிமிஷத்தில் அவர்களுக்குச் சேதி போய்விடும். பிறகு என் அண்ணன், பிறகு அவள் தம்பிமார், பிறகு தெரு. இதிலிருந்து எந்தப் பக்கம் வெளியே போவது என்று எனக்குத் தெரியவில்லை. வாணி பஞ்சும் டெட்டாலும் எடுத்து வந்து என் மணிக்கட்டைத் துடைத்தாள். எரிந்தது. கடைக்குள் போய் ஸ்டூலை எடுத்து வந்து அவளுக்குப் போட்டேன், எதிரில் ஊஃபர் டப்பாவைக் கவிழ்த்து நான் உட்கார்ந்தேன்.

"கொடிவேரிக்குப் போன அன்னைக்கு என்ன கண்ணு நடந்துச்சு?" என்றேன். "மொதல்ல இருந்து சொல்லு." என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள், இந்த ஆளிடம் சொல்லலாமா என்று. பார்க்கட்டும் என்று இருந்தேன். அவள் வாயைத் திறக்கவும் என் சட்டைப்பையில் போன் அடிக்கவும் சரியாக இருந்தது. கலாமணி. நின்றது, மறுபடி அடித்தது. என் கை தானாகப் பைக்குப் போனது.

"மொதல்ல அந்த போன ஆஃப் பண்ணுங்ப்பா" என்றாள் வாணி.

ஆஃப் பண்ணினேன்.